எடுக்கல

படிகள் முடியுமிடத்தில் சின்ன மேசை போட்டு அமர்ந்திருந்த பெண், விருந்தினர் பட்டியலில் அவர்கள் பெயரைத் தேடுமுன்பே, "இன்று யாரைப் பார்க்க வந்திருக்கிறீர்கள்?" என்று ஜப்பானியத்தில் கேட்டாள். சுகந்தி அதற்கான விடையை ரயிலிலேயே தயார் செய்து வைத்திருந்தாள். டோக்கியோவின் சிறிய இசைக்கூடங்களில் இது எல்லாரையும் கேட்கிற கேள்வி. ஒரே மேடையில் இரண்டு குழுக்கள் வாசிக்கும் நாளில், வருகிறவர் யாருக்காக வந்தார் என்பதை அந்தந்தக் குழுவின் பெயருக்குக் கீழே ஒரு கோடு கிழித்துக் குறித்துக்கொள்வார்கள். "மறவாமல் எங்கள் பெயரைச் சொல்லுங்கள், சென்சே" என்று மிசாகி முன்கூட்டியே சொல்லியிருந்தாள். அதுவும், ஆசிரியர் என்று பொருள்படும் அந்தச் சென்சே தவிர, தமிழில், சுகந்தி மூன்றாண்டுகளாகச் சனிக்கிழமைதோறும் கற்றுக்கொடுத்த, ஓர் எழுத்தும் தேயாத தமிழில். "கசாதாதே" என்றாள் சுகந்தி. வாசலில் குடைகளைச் செருகி வைக்கும் சட்டத்துக்கு ஜப்பானியர் வழங்கும் பெயர். மிசாகியின் குழுவுக்கும் அதுவே பெயர். ஒரு கோடு விழுந்தது. மேசைப் பெண் அடுத்தபடியாகக் கதிரேசனை நிமிர்ந்து பார்த்தாள். "நான் என் பொண்டாட்டியப் பார்க்கத்தான் வந்தேன்னு சொல்லட்டா?" என்று அவன் சுகந்தியின் காதருகே குனிந்து கேட்டான், கேட்டதோடு நில்லாமல் தன் அலுவலக ஜப்பானியத்தில் சொல்லியும் விட்டான். அந்தப் பெண் பேனாவை இரண்டு பெயர்களுக்கும் நடுவே தூக்கிப் பிடித்தபடி, கோட்டை எங்கே போடுவதென்று தெரியாமல் சிரித்தாள். "சும்மா இருங்களேன், பின்னால ஆள் நிக்குது" என்று அவன் முழங்கையை இடித்துவிட்டு, அவனுக்கும் சேர்த்துச் சுகந்தியே விடை சொன்னாள். இரண்டாவது கோடும் கசாதாதேயின் கீழ் விழுந்தது. பானத்துக்கு ஆளுக்கொரு பிளாஸ்டிக் வில்லை, ஒரு கத்தைத் துண்டறிக்கைகள், அவற்றுக்கு மேலே கருத்துகள் எழுதித் தருவதற்கான ஒரு தாள், விரல் நீளமே உள்ள ஒரு பென்சில். எல்லாம் வரிசையாகக் கைக்கு வந்தன. இப்படி வரிசையாக வருவதை அவள் எப்போதும் விரும்பினாள்.

மேலே தெருவில் பிப்ரவரி மாதத்து ஞாயிற்றுக்கிழமை நண்பகல் வெயில் குளிர்ந்து கிடக்க, இங்கே கீழே எந்த நேரமும் அல்லாத இருட்டு. பழைய பீரும் புகைப்பொறியின் இனித்த வாடையும் ஈரக் கம்பளித் துணிகளின் வாடையும் கலந்த இருட்டு. எண்பது பேருக்கு மேல் நிற்க இயலாத அந்த அறையில் எண்பது பேரும் ஒருவரையொருவர் தொடாமல் நின்றார்கள். முதலில் வாசித்த குழு சத்தமாக வாசித்துவிட்டுத் தாழ்ந்து வணங்கிப் போயிற்று. கதிரேசன் இஞ்சிச் சோடாவை உறிஞ்சிக்கொண்டு, அந்தச் சூட்டிலும் கழற்றாமல் தன் அரக்குநிறக் கம்பளிச் சட்டையில் நின்றான். "கழட்டி லாக்கர்ல வெச்சிருக்கலாம்ல" என்றாள். "இருக்கட்டும், அம்மா வாங்கிக் குடுத்தது" என்றான். ஒவ்வொரு குளிர்காலத்திலும் ஒரு முறையாவது அவன் இதைச் சொல்வான். அத்தை வாங்கிக் கொடுக்கச் சொன்னது என்பது சுகந்தி சொன்ன கதை. வாங்கியவள் சுகந்தி, அதுவும் அத்தை இறந்து பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு, சொன்ன பொய்க்கு ஒரு சான்று வேண்டுமென்று, தியாகராய நகரில் கடை கடையாக ஏறி வாங்கியது. ஐந்து ஆண்டுகளில் முழங்கைகள் சற்றே தளர்ந்ததைத் தவிர அந்தப் பொய் நன்றாகவே உழைத்திருந்தது. விளக்குகள் தாழ்ந்தன. மிசாகி தோளில் பாஸ் கிதாருடன் மேடைக்கு வந்து, வழக்கம்போல் யாரையும் பாராமல், தரையில் ஒட்டியிருந்த பாட்டு வரிசையைப் பார்த்தாள். சமுதாயக்கூடத்தின் இரண்டாம் எண் அறையில், மேசைக்கு எதிர்ப்புறம் அமர்ந்து, நாக்கை மடித்து மடித்து ழகரத்துக்காகப் பாடுபடுகிற அதே பெண்ணா இவள்? முதற் பாட்டில் அவள் விரல்கள் தடித்த கம்பிகளை அழுத்தியபோது அந்த அதிர்வு சுகந்தியின் விலாவெலும்புகளுக்குள் வந்து தங்கியது, பிறர் வீட்டுச் சாவியைப் போட்டுத் திறந்துகொண்டு வருகிறவர்களைப் போல, கூச்சமே இல்லாமல். அவளுக்கு அது பிடித்தும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. என் மாணவி. மூன்று பாட்டுகள் வரைக்கும் அந்தப் பெருமை நீடித்தது.

நான்காவது பாட்டுக்கு முன்னால் மிசாகி ஒலிவாங்கியருகே வந்து, இந்த இசைத்தட்டு வெளிவருவதற்கு ஒருவருக்கு நன்றி சொல்ல வேண்டும், அவர் இன்று இங்கே இருக்கிறார், என் ஆசிரியர் என்றாள். எண்பது தலைகளும் மரியாதையாகத் திரும்பாமல் இருந்தன. சுகந்தி தலைமுடியை ஒதுக்கிக்கொண்டாள். ஆச்சரியம் ஒன்று இருக்கிறது, கணவரையும் கண்டிப்பாக அழைத்து வாருங்கள் என்று மிசாகி சொன்னது இதைத்தான் போலும். போன மழைக்காலத்தில், "உங்கள் குரலை எங்கள் பாட்டில் பயன்படுத்தலாமா?" என்று எழுந்து நின்று குனிந்து கேட்டிருந்தாள், "தாராளமாக" என்று சுகந்தியும் சொல்லியிருந்தாள். ஒன்று முதல் பத்து வரை எண்ணியதையும், கத்தரிக்காய் முருங்கைக்காய் என்று காய்களின் பெயர்களை நிறுத்தி நிறுத்திச் சொன்னதையும் அவள் பதிவு செய்து வைத்திருக்கிறாள் அல்லவா, ஜப்பானியருக்கு முருங்கைக்காய் என்ற சொல்லே ஓர் இசைதானே. அதைத்தான் போடப்போகிறார்கள், கதிர் சிரிக்கப்போகிறான், வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் முருங்கைக்காய் முருங்கைக்காய் என்று பாடிக்கொண்டே வரப்போகிறான். முரசு தொடங்கியது. மிசாகி காலடியில் இருந்த கருவியை மிதித்தாள். அறையின் நான்கு மூலைகளிலிருந்தும் ஒரு பெண் எச்சில் விழுங்கினாள். விழுங்கிவிட்டு, "எடுக்கல" என்றாள்.

எடுக்கல. அது காய்களில் ஒன்றன்று. எடுக்கல. அந்த விழுங்கல் சுகந்திக்கு எலும்பிலேயே தெரிந்தது. வேண்டாத ஒன்றைச் சொல்லுமுன் தன் தொண்டை அப்படிச் செய்யும் என்பது அவள் மட்டுமே அறிந்த செய்தி என்று இத்தனை நாளும் நினைத்திருந்தாள். எடுக்கல, எடுக்கல என்று நான்கு முறை வந்தது. பிறகு முன்னால் ஒரு சொல் சேர்ந்துகொண்டது. நான் எடுக்கல. நான் எடுக்கல. ஐயோ, பின்னாலிருந்து கட்டுகிறார்கள். கடைசிச் சொல்லிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாக முன்னால் வைத்துக்கொண்டே போகிறார்கள். இப்படியே போனால் வாக்கியத்தின் முதற்சொல்லுக்குப் போய்ச் சேரும், முதற்சொல்லில் யார் இருக்கிறார் என்பது இந்த அறையில் தமிழ் தெரிந்த மூன்று பேரில் இரண்டு பேருக்குத் தெரியும். போன ஆண்டு ஒரு சனிக்கிழமை, தொலைபேசி உரையாடல் பாடம். "எனக்காக மெதுவாகப் பேசாதீர்கள், சென்சே. வீட்டில் பேசுவதைப்போல் பேசுங்கள். உண்மையான தொலைபேசிக் கதை ஒன்று சொல்லுங்கள், நான் கேட்டுப் பழகுகிறேன்" என்று கைப்பேசியை மேசைமேல் பதிவில் வைத்தாள் மிசாகி. வெளியே மழை பெய்தது. எதிரில் இருப்பவளுக்கு இந்த வேகத்தில் பத்தில் ஒன்றுகூடப் புரியாது என்ற நிச்சயம், காதிருந்தும் சுவரைப் போல ஒருத்தி வாய்த்தாளே என்ற நிம்மதி, நான்கு ஆண்டுகளாக மென்று மென்று விழுங்கியதெல்லாம் நான்கு நிமிடத்தில் வாய்வழியே வந்துவிட்டது. அத்த மூணு தடவ கூப்பிட்டாங்க, நான் எடுக்கல. சொல்லி முடித்து மூக்கைச் சிந்திக்கொண்டபோது மிசாகி அழகாகத் தலையாட்டி, "மிகவும் விரைவு" என்றாள், இருவரும் சிரித்தார்கள். அடுத்த சனிக்கிழமை அவள் ஒரு குறிப்பேட்டை விரித்து வைத்தாள். நாற்பது முறை கேட்டேன் என்றாள். ஒரு சொல் விடாமல் எழுதியிருந்தாள், ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே ஜப்பானியப் பொருளுடன். அப்போதாவது அழித்துவிடு என்று சொல்லியிருக்கலாம். சுகந்தி என்ன செய்தாள்? சிவப்புப் பேனாவை எடுத்தாள். இரண்டு இடத்தில் ஒற்று விட்டிருந்தது, ஓரிடத்தில் பொருள் தவறாக இருந்தது, திருத்தினாள், பக்கத்தின் ஓரத்தில் 'நன்று' என்று எழுதி நாளும் இட்டாள். தன் குற்றத்தைத் தானே பிழை திருத்திக் கையொப்பமும் இட்டுத் தந்துவிட்டு, இப்போது தெரியாமல் செய்தாள் என்று அந்தப் பெண்ணுக்காகப் பரிந்து சொல்லக்கூட வழியில்லாமல் செய்துகொண்டாள். தெரிந்தேதான் செய்திருக்கிறாள். கேட்டுவிட்டு, பொருளும் எழுதி வைத்துக்கொண்டு, என் கணவரையும் அழைத்து வரச் சொல்லிவிட்டு. கூப்பிட்டாங்க, நான் எடுக்கல.

திரும்பிப் பார்க்கக் கூடாது. கழுத்து மட்டும் தானாகத் திரும்பப் பார்த்தது, அதை அடக்கினாள். கதிரேசனின் அரக்குக் கை அவள் கையை ஒட்டி நின்றது, கம்பளி சற்றே சொரசொரத்தது, அவ்வளவுதான் தெரிந்தது. அவன் கேட்கிறானா? குரலை இழுத்து நீட்டியிருக்கிறார்கள், எதிரொலி சேர்த்திருக்கிறார்கள், முரசு வேறு. தமிழ் என்றே தோன்றாமல் போகலாம். கொரியன் மாதிரி இருக்கே என்று கேட்பான். கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடலாம். தடவ கூப்பிட்டாங்க, நான் எடுக்கல. அன்றைக்குப் பிற்பகல் இரண்டு பத்து. கதிர் டோக்கியோவுக்கு வந்து ஆறு மாதம் ஆகியிருந்தது; அவள் சென்னையில் விசாவுக்கான தாள்களைக் கூடத்துத் தரையில் பரப்பி வைத்திருந்தாள், திருமணப் பதிவு, பட்டச் சான்று, வங்கிக் கடிதம், எல்லாவற்றுக்கும் நகல், நகலுக்கு நகல், மின்விசிறியை நிறுத்திவிட்டு வியர்த்துக்கொண்டு, ஒரு தாள் மேல் ஒரு தாள் ஏறாமல். அத்தை திருச்சியில் தனியாக இருந்தார்; பிற்பகலானால் கூப்பிடுவார், கீசரை அணைத்துவிட்டேனா என்று தெரியவில்லை என்பார், கதிர் சாப்பிட்டானா என்பார், திருச்சியில் அணைத்த கீசரைச் சென்னையிலிருந்து எப்படிப் பார்ப்பேன் அத்தை என்று ஒருநாள் கேட்டும்விட்டாள். முதல் அழைப்பில் கை நீட்டினால் வரிசை கலையும் என்று விட்டாள். இரண்டாம் அழைப்பு நான்கு நிமிடத்தில் வந்தது. மூன்றாம் அழைப்பு அடித்துக்கொண்டிருக்கும்போதே கைப்பேசியை ஒலியடக்கிக் குப்புறக் கவிழ்த்து வைத்தாள். கவிழ்த்து வைத்ததும் கூடத்தில் எவ்வளவு அமைதி வந்தது, அந்த அமைதியை அவள் எவ்வளவு விரும்பினாள், அதை மட்டும் மிசாகியிடமும் சொல்லவில்லை. மாலையில் அடுத்த வீட்டுக்காரர்கள் கதவை உடைத்தார்கள். படுக்கையிலேயே, தூக்கத்திலேயே, துன்பமில்லாமல் என்று எல்லாரும் சொன்னார்கள். கதிர் வந்து இறங்கியதும், "உன்கிட்டதான் தினம் பேசுவாங்களே, அன்னைக்கு என்ன பேசினாங்க?" என்று குழந்தையைப் போலக் கேட்டான். காலையில பதினோரு மணிக்குப் பேசினாங்க, அங்க குளிராமே, கதிருக்கு ஒரு கம்பளிச் சட்ட வாங்கிக் குடுத்தனுப்பு, நீலம் வேணாம், அவன்கிட்ட நீலம் நெறைய இருக்குன்னாங்க. எங்கிருந்து வந்தது அந்த நீலம்? அந்த நீலம்தான் அவனை நம்ப வைத்தது. தன் கைப்பேசியில் அந்த மூன்று அழைப்புகளையும் அவள் முன்னதாகவே அழித்திருந்தாள். அத்தையின் கைப்பேசி மூக்குக் கண்ணாடியோடு ஒரு பாலிதீன் பையில் கதிரிடம் போயிற்று. அந்தப் பையைப் பாராமல் எத்தனை நாள் கண்ணை வேறுபக்கம் திருப்பிக்கொண்டாள்! ஆனால், "தெறக்க முடியல, என்ன நம்பர் போட்டிருந்தாங்களோ" என்று அவனே சொல்லிவிட்டான். இருந்தும் மாதம் ஒருமுறை அதற்கு மின்னேற்றி வைப்பான், செத்த பொருளுக்கு எதற்கு என்று அவள் கேட்டதில்லை. திதியன்று சாப்பிட்டு எழுந்ததும், "அம்மா கடைசியா என்ன பேசினாங்க, சொல்லேன்" என்பான். ஆண்டுக்கொரு முறை அவள் சொல்வாள். குளிராமே. நீலம் வேணாம். அவன் கண் கலங்கக் கேட்பான்.

மூணு தடவ கூப்பிட்டாங்க, நான் எடுக்கல. இன்னும் ஒரே ஒரு சொல். அதற்குள் பாட்டு திடீரென்று இறங்கியது. முரசு மட்டும் நின்று நடந்தது. மிசாகி ஒலிவாங்கியைக் கூட்டத்தை நோக்கித் திருப்பினாள். முன்வரிசையில் கண்ணாடி போட்ட ஒருவர், அலுவலகத்தில் கோப்பு பார்ப்பவரைப் போன்ற முகம், முட்டியை மடக்கிக் கையை உயர்த்தி, "எதுக்கரா!" என்று கத்தினார். அறை முழுவதும் கத்தியது. எண்பது ஜப்பானியர் கை உயர்த்தி, எதுக்கரா, எதுக்கரா என்று, லகரம் வாய்க்காத நாக்குகளால், ஒரே சீராக. அவர்களுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. காணொளி ஒன்று வந்திருக்க வேண்டும், இரண்டு வாரமாக வீட்டிலிருந்து கேட்டுப் பழகி வந்திருக்கிறார்கள், அவளுக்கு மட்டும் ஆச்சரியம். அவள் ஐந்து ஆண்டுகளாக யாருக்கும் கேளாமல் சொல்லிக்கொண்டதை எண்பது பேர் தலைக்கு ஒன்றாகத் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். பக்கத்திலிருந்த இளம்பெண் வியர்வையோடு சுகந்தியைப் பார்த்துச் சிரித்து, நீங்களும் என்பதுபோல் தலையசைத்தாள். பாடாமல் நிற்பது இப்போது தெரிந்துவிடும். சுகந்தி உதட்டை அசைத்தாள். சத்தம் வரவில்லை, ஆனாலும் அசைத்தாள். எங்கே, இப்போது வரும், முதற்சொல், அத்த, வல்லெழுத்தில் நாக்கு பல்லைத் தொட்டதும் எல்லாம் முடிந்தது. கதிர் திரும்புவான், சட்டையைக் கழற்றுவான், ஆமாம், முதலில் சட்டையைத்தான் கழற்றுவான், பிறகு இந்த நாட்டில் அவளுக்கு யார்? இரண்டாம் எண் அறையா? பாட்டு மீண்டும் ஏறியது, மூணு தடவ, மூணு தடவ, மூணு, மூணு, மூணு என்று அந்த ஒரு சொல்லிலேயே சிக்கிச் சுழன்றது, மிசாகி கருவியை மிதித்தாள், நின்றது. முதற்சொல் வரவில்லை. கைதட்டல் எழுந்தது. கதிரேசனும் தட்டினான், சோடாக் குவளையை இடுக்கிக்கொண்டு, மற்றவர்களைவிட ஒரு நொடி அதிகமாக. அவனுக்கு விளங்கவில்லை. தன் மனைவியின் குரல் நான்கு மூலையிலிருந்தும் வந்தும் அவனுக்கு விளங்கவில்லை. அந்த ஆறுதலுக்குள் முள்போல் ஒன்று, பதினான்கு ஆண்டுகள் ஒரே வீட்டில் இருந்தும் என் குரலா அடையாளம் தெரியவில்லை என்று, வெட்கமில்லாமல் குத்தியது.

எல்லாம் முடிந்து விளக்குகள் எரிந்ததும், இசைத்தட்டு விற்கிற மேசையிலிருந்து மிசாகி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள், கழுத்தில் துண்டு, முகமெல்லாம் வியர்வை. இரண்டு கைகளாலும் ஓர் இசைத்தட்டை நீட்டினாள். அட்டையில் சுகந்தியின் பெயர் தமிழில், அவள் பழக்கிய கையெழுத்தில். "சென்சே, எப்படி இருந்தது? முதற்சொல்லை நான் சேர்க்கவில்லை. அது உங்களுடையது. நான் எடுத்துக்கொள்ளக் கூடாது." கண்கள் அவ்வளவு தெளிவாக இருந்தன. எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு ஒரே ஒரு சொல்லை மீதி வைத்துவிட்டு, அதற்கு நன்றியையும் எதிர்பார்த்து நிற்கிற இந்தக் கண்களை என்ன செய்வது? உன்னிடம் சொன்னேனே, உன்னிடம்தானே சொன்னேன் என்று வாய்வரை வந்தது. "நன்று" என்றாள் சுகந்தி, குறிப்பேட்டின் ஓரத்தில் எழுதுவதைப் போலவே. மிசாகி இடுப்பு வரை குனிந்து வணங்கிவிட்டுக் கதிரேசனையும் வணங்கினாள். அவனும் வணங்கி, "ரொம்ப நல்லா இருந்தது" என்று தமிழிலேயே சொன்னான். அவள் போன பிறகு சுவரோரம் போய், அந்த விரல் நீளப் பென்சிலால் கருத்துத் தாளை நிரப்பத் தொடங்கினான். எதையும் வெற்றாக விட்டுத் திருப்பித் தருகிற வழக்கம் அவனுக்கு இல்லை. 'இன்று யாரைப் பார்க்க வந்தீர்கள்?' என்று முதல் வரி. 'மனதில் நின்ற பாட்டு?' என்று அடுத்தது. நான்காவது என்று எழுதினான். சுகந்தி பார்த்துக்கொண்டே நின்றாள். அவன் தலையைத் தூக்கவில்லை. கட்டத்துக்குள் எழுத்து அடங்குகிறதா என்பதில் மட்டுமே கருத்தாய் இருப்பவனைப் போல எழுதிக்கொண்டே, "மூணு இல்ல, சுகி" என்றான். "நாலு தடவ."

அறையில் ஒலிபெருக்கிக் கம்பிகளைச் சுருட்டும் ஓசை கேட்டது. "ரெண்டு பத்து, ரெண்டு பதினாலு, ரெண்டு முப்பத்தொண்ணு. அப்புறம் மூணு அஞ்சுக்கு ஒண்ணு. என் பொறந்த வருஷத்தத்தான் நம்பரா வெச்சிருந்தாங்க. மொத நாளே தெறந்துடுச்சு." பதினோரு மணிக்கு அந்தக் கைப்பேசியில் எந்த அழைப்பும் இல்லை என்பதை அவன் சொல்லவில்லை, சொல்ல வேண்டியிருக்கவில்லை. மூன்று ஐந்துக்கு அவள் என்ன செய்துகொண்டிருந்தாள்? தாள்களுக்குப் பக்க எண் இட்டுக்கொண்டிருந்தாள். கவிழ்ந்து கிடந்த கைப்பேசி தரையில் ஒருமுறை அதிர்ந்திருக்கும், அந்த அதிர்வு ஏதோ ஒரு நகலின் விளிம்பை நடுங்கவைத்திருக்கும். மாலையில் எல்லாவற்றையும் சேர்த்து அழித்தபோது எண்ணிக்கூடப் பார்க்கவில்லை. தெரிந்தது மூன்று, சொன்னதும் மூன்று, ஒப்புக்கொண்டதிலும் ஒன்று குறைவு. முதல் நாளே தெரியும். அப்படியானால் அந்த நான்கு திதிகள்? எதிரில் அமர்ந்து, கண் கலங்கி, சொல்லேன் என்று கேட்டு, அவள் குளிராமே என்று தொடங்குவதை, நீலம் என்று சொல்லும்போது கையை அசைப்பதை, ஆண்டுக்கு ஆண்டு புதிதாய் ஒரு சொல் சேர்ப்பதை, எல்லாம் தெரிந்த ஒருவன் பார்த்துக்கொண்டிருந்தானா? மிசாகி ஒரு முறை ஊரறியச் செய்ததை இவன் வீட்டுக்குள்ளேயே நான்கு முறை செய்திருக்கிறான், ஒலிவாங்கி இல்லாமல். "தெரிஞ்சுமா கேட்டீங்க?" என்றாள். அவன் தாளை இரண்டாக மடித்து மேசைமேல் இருந்த பெட்டியில் போட்டான், பென்சிலையும் மறவாமல் அதன் குவளையில் போட்டான், இழுபட்டிருந்த கம்பளிச் சட்டையின் விளிம்பைக் கீழே இழுத்துச் சரிசெய்துகொண்டான். முதல் படியில் கால் வைத்துவிட்டு அவளுக்காக நின்றான். மேலிருந்து இறங்கிய வெயில் அவன் முகத்தில் பாதி வரைக்கும்தான் வந்தது. "அடுத்த மாசம் திதி வருது" என்றான். "கேப்பேன். நீ அப்படியே சொல்லணும். அந்த நீலத்த மட்டும் விட்டுராத. அம்மா என்னப்பத்திக் கடைசியாப் பேசினதுன்னு எங்கிட்ட வேற எதுவும் இல்ல."

சுகந்தி எச்சில் விழுங்கினாள். விழுங்கிவிட்டு, "சரிங்க" என்றாள்.